கடலுக்கடியில் ஓர் இரும்பு மிருகம்: கதையில், கடலில், உங்கள் கம்ப்யூட்டரில்!

ஓசூரில் கடல் இல்லை. எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் என்றால் ராமநாயக்கன் ஏரியும் கெலவரப்பள்ளி அணையும்தான். ஆனால் எங்கள் வீட்டில் கடந்த கோடை விடுமுறை முழுக்கக் கடல் பற்றித்தான் பேச்சு. காரணம் என் அக்கா மகன். எட்டாம் வகுப்புப் படிக்கிறான். "பைரேட்ஸ் ஆப் த கரீபியன்" இரண்டாம் பாகத்தில் கப்பலையே சுற்றி வளைத்து இரண்டாக உடைக்கும் க்ராக்கன் என்ற ராட்சத மிருகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றான்.

"மாமா, அது பொம்மையா, மெஷினா, இல்ல கம்ப்யூட்டரா?"

அவனுக்குப் பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு இயந்திர ஆக்டோபஸ் செய்ய வேண்டுமாம். அதுவும் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய் நான் நிறையத் தெரிந்து கொண்டேன். ஒரு பெரிய நஷ்டமும் வந்தது. இரண்டையுமே உங்களிடம் சொல்லப் போகிறேன். முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் வாசகர்கள், நஷ்டக் கதையைத் தயவு செய்து தாண்டிப் போக வேண்டாம்.

முதல் இரும்பு மிருகம் நம்மவருடையது!

கடலில் ஒரு ராட்சத மிருகம் கப்பல்களை முட்டி ஓட்டை போடுகிறது. எல்லோரும் அதை ஏதோ பெரிய திமிங்கில வகை என்று நினைக்கிறார்கள். வேட்டையாடக் கிளம்புகிறார்கள். கிட்டே போய் அதன் முதுகில் விழுந்த பிறகுதான் தெரிகிறது, அது தோல் அல்ல, இரும்புத் தகடு! பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1869, 1870 ஆண்டுகளில் தொடர்கதையாக எழுதிய "கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்" நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. அந்த மிருகத்தின் பெயர் நாட்டிலஸ். 70 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். முழுக்க முழுக்க மின்சாரத்தில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல். வீடுகளில் மின்விளக்கு வருவதற்கு முன்பே எழுதிய கதை இது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதன் தலைவர் கேப்டன் நெமோ. கப்பல்காரர்களுக்கு அவர் ஒரு கடற்கொள்ளையர். யார் அவர் என்பதை வெர்ன் முதல் கதையில் சொல்லவே இல்லை. 1875-ல் முடிந்த "மர்மத் தீவு" என்ற நாவலில்தான் முகமூடி விலகுகிறது. நெமோவின் உண்மைப் பெயர் இளவரசர் டக்கர். புந்தேல்கண்ட் ராஜாவின் மகன். 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிக் குடும்பத்தை இழந்தவர். அதன் பிறகு மனித வாசனையே இல்லாத ஒரு தீவில் ரகசியமாக நாட்டிலஸைக் கட்டுகிறார்.

இன்னொரு விஷயம் எங்கள் ஊர்க்காரர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். இந்த டக்கர், திப்பு சுல்தானின் உறவினர் என்கிறார் வெர்ன். கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் பகுதி 1792 ஒப்பந்தம் வரை திப்புவின் ஆட்சியில்தான் இருந்தது. இன்றும் கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் போனால் மலைமேல் கோட்டை தெரியும். திப்பு மறைந்தது 1799-ல். ஆண்டுக் கணக்கை எல்லாம் உறுத்துப் பார்க்க வேண்டாம், இது கற்பனைக் கதை. ஆனாலும் உலகின் மிகப் புகழ்பெற்ற இயந்திரக் கடல் மிருகத்தைக் கட்டியவர் கதைப்படி ஒரு இந்திய இன்ஜினியர் என்பது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அக்கா மகனுக்கும்தான்.

நாட்டிலஸ் நம் பக்கமும் வருகிறது. இலங்கையின் முத்துக்குளிக்கும் கடலில் ஒரு சுறாவிடம் சிக்கிய ஏழை இந்திய முத்துக்குளிப்பாளரை நெமோ காப்பாற்றி, ஒரு பை முத்துக்களையும் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இந்த நாவல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் புராஜக்ட் குட்டன்பர்க் என்ற இணையதளத்தில் இலவசமாக, சட்டப்படி டவுன்லோட் செய்து படிக்கலாம். பெரும்பாலும் காப்புரிமைக் காலம் முடிந்த புத்தகங்களைத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். "இலவசம்", "சட்டப்படி" என்ற இரண்டு சொற்களையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். கட்டுரையின் பின்பகுதியில் இவை மறுபடியும் வரும்.

சினிமாக் கடலில் என்ன நடந்தது?

1954-ல் வால்ட் டிஸ்னி நிறுவனம் வெர்னின் கதையைப் படமாக எடுத்தது. அதில் நாட்டிலஸை ஒரு ராட்சதக் கணவாய் தாக்கும் காட்சி உண்டு. ரப்பரும் கம்பிகளும் கொண்ட இயந்திரக் கணவாய் அது. முதலில் அமைதியான கடலில், மாலை வெளிச்சத்தில் எடுத்தார்கள். திரையில் போட்டுப் பார்த்தால் இழுக்கிற கம்பிகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன! கடைசியில் இரவு, புயல், மழை, பேரலை என்று மாற்றி மறுபடியும் எடுத்தார்கள். குறை மறைந்தது, காட்சியும் பிரமாதமாக அமைந்தது.

1975-ல் வெளிவந்த "ஜாஸ்" படத்துக்காக ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயந்திரச் சுறாக்களைச் செய்ய வைத்தார். படக்குழுவினர் அதற்கு வைத்த செல்லப் பெயர் புரூஸ். நல்ல தண்ணீரில் சோதித்தபோது ஒழுங்காக ஓடிய சுறா, உப்புத் தண்ணீரில் இறங்கியதும் மக்கர் பண்ணத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் சுறாவை அதிகம் காட்டாமல் இசையாலேயே பயமுறுத்தினார்கள். படம் அதனாலேயே இன்னும் பயங்கரமாக அமைந்துவிட்டது என்று பலரும் சொல்வார்கள்.

2006-ல் வந்த க்ராக்கன் முழுக்கக் கம்ப்யூட்டரில் உருவானது. இன்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்ற நிறுவனம் செய்த வேலை. ஆனால் அதிலும் இரும்பு உண்டு. ஒரு கப்பல் இரண்டாக உடையும் காட்சிக்கு, சிமென்ட் நிரப்பிய கனமான இரும்புக் குழாய்களை நிஜக் கப்பல் செட்டின் மேல் விழ வைத்துப் படமாக்கினார்கள். பிறகு அந்தக் குழாய்கள் இருந்த இடத்தில் க்ராக்கனின் கைகளைக் கம்ப்யூட்டரில் வரைந்தார்கள். இதற்கும் சேர்த்துத்தான் அந்தப் படம் சிறந்த விஷுவல் எபெக்ட்சுக்கான ஆஸ்கர் பரிசை 2007-ல் வாங்கியது. அந்தக் குழுவின் தலைவர் ஜான் நோல். இவரும் இவருடைய அண்ணன் தாமஸ் நோலும் சேர்ந்து உருவாக்கிய ஒரு சாப்ட்வேரை நீங்கள் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். போட்டோஷாப்!

ஆக, என் அக்கா மகனுக்கான பதில் இதுதான்: பாதி கம்ப்யூட்டர், பாதி இரும்பு.

நிஜக் கடலில் ஒரு மத்ஸ்யா

"அப்படின்னா நிஜமான மெஷின் மிருகம் எங்கேயும் இல்லையா மாமா?" என்று முகம் வாடிப்போய்க் கேட்டான். இருக்கிறது. அதுவும் நம் சென்னையிலேயே.

சென்னை பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே உருவாகும் வாகனத்தின் பெயர் மத்ஸ்யா 6000. மீன் அவதாரத்தின் பெயர். மூன்று பேரை ஏற்றிக் கொண்டு 6000 மீட்டர் ஆழம் வரை இறங்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். சமுத்ரயான் என்ற இந்தத் திட்டம் 2021-ல் தொடங்கியது. 2025-ன் தொடக்கத்தில் சென்னை அருகே காட்டுப்பள்ளி துறைமுகத்தில் மத்ஸ்யாவைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள்.

6000 மீட்டர் என்றால் என்ன? எளிமையாகச் சொல்கிறேன். அந்த ஆழத்தில் உங்கள் சுண்டுவிரல் நகம் அளவு இடத்தின் மீது சுமார் 600 கிலோ எடை அழுத்தும். ஒரு மொபெட் 80 கிலோ என்று வைத்துக் கொண்டால், ஒரு நகத்தின் மேல் ஏழெட்டு மொபெட்! இதைத் தாங்க, ஆட்கள் உட்காரும் அறையை 80 மில்லிமீட்டர் தடிமன் உள்ள டைட்டானியம் கலவை உலோகத்தில், 2.1 மீட்டர் விட்டமுள்ள உருண்டையாகச் செய்கிறார்கள். ஏன் உருண்டை? பெட்டி வடிவம் என்றால் மூலைகளிலும் தட்டையான பக்கங்களிலும் அழுத்தம் ஏறுமாறாக விழும். உருண்டையில் அது எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிவிடும்.

இந்த இடத்தில் என் அப்பா பேச்சில் நுழைந்தார். அவர் ஓசூர் சிப்காட்டில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "உருண்டை கெடக்கட்டும். கதவை எப்படி அடைப்பாங்க? ஓ-ரிங்ல முடி அளவு கீறல் இருந்தா போதும், தண்ணி உள்ள வந்துடும்" என்றார். நானும் மெக்கானிக்கல் படித்துவிட்டு சாப்ட்வேர் வேலைக்குப் போனவன்தான். பைலில் ஒரு தவறு என்றால் கண்ட்ரோல் இசட் தட்டித் திருத்திவிடலாம். இரும்பில் அது நடக்காது என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

இன்னொரு சிக்கல் தகவல் தொடர்பு. கடல் நீருக்குள் வைபை, மொபைல் சிக்னல் எதுவும் செல்லாது. ரேடியோ அலைகளை உப்புநீர் விழுங்கிவிடும். அதனால் ஒலி அலைகளையே நம்ப வேண்டும். ஒலி, தண்ணீரில் ஒரு நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். 6000 மீட்டர் ஆழத்திலிருந்து "ஹலோ" சொன்னால் மேலே கேட்க 4 நொடி. பதில் திரும்பி வர இன்னும் 4 நொடி.

ஆள் இல்லாமல் இறங்கும் இயந்திரமும் இந்தக் கழகத்திடம் உண்டு. ரோசப் 6000 என்பது கேபிள் வழியாக மேலே கப்பலில் உள்ள கம்ப்யூட்டர்களிலிருந்து இயக்கப்படும் ரோபோ. 2010-ல் இந்தியப் பெருங்கடலில் 5000 மீட்டருக்கும் கீழே போய் வந்தது. கேமரா கண், சோனார் காது, மோட்டார் துடுப்பு, பொருளை எடுக்க இயந்திரக் கை. பார்த்தால் மீன் மாதிரியே இருக்காது, ஒரு பெரிய பெட்டி மாதிரி இருக்கும். ஆனால் வேலையில் அதுதான் நிஜ இரும்பு மிருகம்.

கடைசியாக ஒரு இனிய செய்தி. ஆழ்கடல் பயிற்சிக்காக 2025 ஆகஸ்டில் இரண்டு இந்தியர்கள் அட்லாண்டிக் கடலில் ஒரு பிரெஞ்சு வாகனத்தில் இறங்கினார்கள். அதில் ஒருவர் 5000 மீட்டரைத் தாண்டினார். அந்த வாகனத்தின் பெயர் என்ன தெரியுமா? நோட்டீல். நாட்டிலஸ் என்பதன் பிரெஞ்சு வடிவம். வெர்ன் கதையில் இந்தியர் ஒருவர் நாட்டிலஸில் பிரெஞ்சுக்காரரை ஏற்றிக் கொண்டு ஆழ்கடலுக்குப் போனார். 2025-ல் பிரெஞ்சு நோட்டீல் இந்தியர்களை ஏற்றிக் கொண்டு போனது!

கொள்ளைக்காரன் வீட்டுக்குள் வந்த கதை

இவ்வளவையும் கேட்ட பையன் சும்மா இருப்பானா? நான் காலையில் அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய்விட்டு இரவில்தான் வீடு திரும்புவேன். "சனிக்கிழமை சேர்ந்து செய்யலாம்" என்று சொல்லியிருந்தேன். அவனுக்குப் பொறுக்கவில்லை. சினிமாவில் பயன்படும் ஒரு விலை உயர்ந்த 3டி சாப்ட்வேரின் பெயரைக் கண்டுபிடித்து, அதோடு "ப்ரீ புல் வெர்ஷன் கிராக்" என்று சேர்த்துத் தேடியிருக்கிறான். ஒரு தளம் கிடைத்தது. "நிறுவும் முன் ஆன்டிவைரஸை நிறுத்தி வைக்கவும்" என்று அதில் எழுதியிருந்தது. நிறுத்தினான். நிறுவினான். ஒன்றும் திறக்கவில்லை. தூங்கப் போய்விட்டான்.

மறுநாள் காலை அக்கா போன் செய்தாள். "போட்டோ எதுவும் தெறக்க மாட்டேங்குதுடா. எல்லாத்துக்கும் பேரு மாறியிருக்கு."

ஒவ்வொரு பைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்துக்கள். டெஸ்க்டாப்பில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம். பைல்களைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பணம் அனுப்பு என்று. இதற்கு ரேன்சம்வேர் என்று பெயர். கப்பலைப் பிடித்து வைத்துக் கொண்டு பணயத் தொகை கேட்பதே கடற்கொள்ளையரின் பழைய வழக்கம். இது அதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்கிறது.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் அக்கா எங்கள் அம்மாவின் போட்டோக்களையும் வீடியோக்களையும் சேர்த்து வைத்திருந்தாள். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் காப்பி செய்து வைத்த பிறகு, போனைப் பழைய விலைக்குக் கொடுத்துவிட்டோம். "பேக்கப் எடுத்துத் தரேன்" என்று நான் மூன்று மாதமாகச் சொல்லிக் கொண்டே இருந்தேன்.

பையன் மூலையில் உட்கார்ந்து அழுதான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்றால், "கிராக் போட்டா எல்லாம் ப்ரீடா" என்று அவனுக்கு முதன்முதலில் கற்றுக் கொடுத்ததே நான்தான். கல்லூரி ஹாஸ்டலில் பென் டிரைவில் கைமாறிய விளையாட்டுகளைக் கொண்டு வந்து அவன் முன்னாலேயே நிறுவியிருக்கிறேன். அப்போது அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

அக்கா என்னைத் திட்டவில்லை. "அந்த வீடியோல அம்மா பேசுனது இருந்துச்சே. குரல் மட்டுமாச்சும் வராதா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரின் நெட் இணைப்பை முதலில் துண்டித்தேன். பணம் அனுப்பவில்லை. அனுப்பினாலும் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. "நோ மோர் ரேன்சம்" என்று ஒரு தளம் இருக்கிறது. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும், நெதர்லாந்து போலீசும், பாதுகாப்பு சாப்ட்வேர் நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கியது. பூட்டிய பைல் ஒன்றை அங்கே கொடுத்தால், எந்த வகை ரேன்சம்வேர் என்று பார்த்து, திறப்பதற்கான இலவசக் கருவி இருந்தால் தருவார்கள். எங்களைத் தாக்கிய வகைக்குக் கருவி இல்லை. என்றாவது வரலாம் என்று பூட்டிய பைல்களை ஒரு ஹார்ட்டிஸ்க்கில் போட்டு வைத்துவிட்டு, விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவினேன்.

பிறகு உறவினர் எல்லோருக்கும் போன் செய்தோம். என் பென் டிரைவில் கொஞ்சம் போட்டோக்கள் இருந்தன. பெரியம்மாவின் போனில் அம்மா அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் ஆடியோ கிடைத்தது. மாங்காய் ஊறுகாய்க்கு எவ்வளவு உப்பு என்று சொல்கிறார். நாற்பது நொடி. இப்போது அது மூன்று இடங்களில் இருக்கிறது.

நீங்கள் இன்றே செய்ய வேண்டியவை

1. முக்கியமான போட்டோ, வீடியோ, சான்றிதழ் எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி வையுங்கள். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே (உறவினர் வீடு அல்லது ஆன்லைன் சேமிப்பு).

2. காப்பி செய்து முடிந்ததும் எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வையுங்கள். செருகியே இருந்தால் ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

3. "ஆன்டிவைரஸை நிறுத்துங்கள்" என்று எந்தத் தளம் சொன்னாலும் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

4. இணையவழியில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றங்களைத் தெரிவிப்பதற்கான மத்திய அரசு இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

கிராக் தேவையே இல்லை: பிளெண்டர்

இத்தனைக்கும் அவன் தேடியது இலவசமாகவே கிடைக்கிறது என்பதுதான் வேதனை. அந்த சாப்ட்வேரின் பெயர் பிளெண்டர். நெதர்லாந்தைச் சேர்ந்த டான் ரூசண்டால் உருவாக்கியது. அவருடைய நிறுவனம் மூடும் நிலை வந்தபோது, 2002-ல் உலகம் முழுவதும் இருந்த பயனாளர்கள் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி, பிளெண்டரை எல்லோருக்கும் பொதுவான ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர் ஆக்கினார்கள். லாட்வியா நாட்டில் உருவான "ப்ளோ" என்ற அனிமேஷன் படம் பிளெண்டரில் செய்தது. வெள்ளத்தில் மாட்டிய ஒரு பூனையின் கதை. படம் முழுக்கத் தண்ணீர்தான். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. நீங்கள் டவுன்லோட் செய்வதும் அதே சாப்ட்வேர்தான்.

பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் "பிளெண்டர் டாட் ஆர்க்" என்ற முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள். தேடலில் வரும் விளம்பரங்களைக் கிளிக் செய்ய வேண்டாம். புதிய பதிப்புகளுக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம் தேவை.

இயந்திர மீன் செய்வோமா?

எட்டுக் கை ஆக்டோபஸ் முதல் நாளிலேயே வராது. நாங்கள் ஒரு மீனில் தொடங்கினோம். மத்ஸ்யா என்றே பெயர் வைத்தோம். கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்யுங்கள். கீ தட்டும்போது மவுஸ் பாயின்டர் நடுவில் உள்ள 3டி பகுதியின் மேல் இருக்க வேண்டும்.

1. பிளெண்டரைத் திறந்து ஜெனரல் என்பதைக் கிளிக் செய்யுங்கள். நடுவில் ஒரு கனசதுரம் இருக்கும். அதைக் கிளிக் செய்து டெலிட் தட்டுங்கள்.

2. உடல்: ஷிப்ட் + ஏ தட்டி, மெஷ், யுவி ஸ்பியர் என்று தேர்ந்தெடுங்கள். ஓர் உருண்டை வரும். எஸ், எக்ஸ், 2.5 என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டி என்டர் தட்டுங்கள். உருண்டை நீளும். அடுத்து எஸ், ஒய், 0.6, என்டர். பக்கவாட்டில் மெலியும். பிறகு கண்ட்ரோல் + ஏ தட்டி ஸ்கேல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டால் பின்னால் வால் கோணிக் கொள்ளும்.

3. வால்: ஷிப்ட் + ஏ, மெஷ், கோன். ஆர், ஒய், 90, என்டர். கூம்பின் கூர்முனை இப்போது எக்ஸ் திசையில் இருக்கும். அடுத்து எஸ், ஒய், 0.15, என்டர். தட்டையாகிவிடும். (உடலுக்குள் மறைந்திருக்கும், கவலை வேண்டாம்.)

4. கீல்: ஜி, எக்ஸ், -1, என்டர். பிறகு மேலே உள்ள ஆப்ஜெக்ட் மெனுவில் செட் ஆரிஜின், ஆரிஜின் டு 3டி கர்சர். இப்போது வாலின் சுழலும் புள்ளி கூர்முனைக்கு வந்துவிடும்.

5. ஜி, எக்ஸ், -2.3, என்டர். வால் தன் இடத்துக்குப் போய் நிற்கும்.

6. இணைப்பு: வாலைக் கிளிக் செய்து, ஷிப்ட் கீயை அழுத்தியபடி உடலையும் கிளிக் செய்யுங்கள். கண்ட்ரோல் + பி, ஆப்ஜெக்ட். இனி உடலை நகர்த்தினால் வாலும் கூடவே வரும்.

7. அசைவு: வாலை மட்டும் கிளிக் செய்யுங்கள். கீழே உள்ள டைம்லைனில் பிரேம் எண் 1-ல் இருந்து கொண்டு ஆர், இசட், 25, என்டர். பிறகு ஐ தட்டுங்கள். (பழைய பதிப்பில் ஒரு மெனு வரும். ரொட்டேஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.) பிரேம் எண்ணை 13 ஆக்கி ஆர், இசட், -50, என்டர், ஐ. பிரேம் 25-ல் ஆர், இசட், 50, என்டர், ஐ. டைம்லைனில் எண்ட் என்ற கட்டத்தில் 24 என்று கொடுங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். மீன் வாலை ஆட்டும்!

8. இரும்பு நிறம்: உடலைத் தேர்ந்தெடுத்து, வலது பக்கம் மெட்டீரியல் பகுதியில் நியூ கிளிக் செய்யுங்கள். மெட்டாலிக் மதிப்பை 1, ரப்னஸ் மதிப்பை 0.3 ஆக்குங்கள். வாலுக்கும் இப்படியே. எப் 12 தட்டினால் மீனின் படம் தயாராகும்.

மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்திக் கொண்டு இழுத்தால் மீனைச் சுற்றிப் பார்க்கலாம். லேப்டாப்பில் நடுப் பட்டன் இல்லையா? எடிட், பிரிபரன்சஸ், இன்புட் போய் எமுலேட் 3 பட்டன் மவுஸ் என்பதை டிக் செய்யுங்கள். ஆல்ட் கீயை அழுத்திக் கொண்டு இழுத்தால் போதும்.

நான்காவது படி எப்படி வந்தது?

முதலில் நாங்கள் செய்தபோது நான்காவது படி கிடையாது. கூம்பை நேராகக் கொண்டு போய் ஒட்டிவிட்டோம். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் வால், மீன் வால் மாதிரி ஆடாமல், நடுவில் ஆணி அடித்த பலகை மாதிரி சுழன்றது. நானும் பையனும் அரைமணி நேரம் செட்டிங்குகளைக் குடைந்து கொண்டிருந்தோம். பின்னால் நின்று காபி குடித்துக் கொண்டிருந்த அப்பா, கம்ப்யூட்டர் பக்கமே வராதவர், சொன்னார்: "கீலை நடுவுல வெச்சா கதவு எப்படிக் கண்ணு தெறக்கும்? ஓரத்துல வை."

கீலை ஓரத்தில் வைத்தோம். வால் ஆடியது. அம்மா போன பிறகு அந்த மாலையில்தான் அப்பா ஒரு மணி நேரம் எங்களோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தார். துடுப்பு எங்கே வர வேண்டும், புரொபல்லர் ஏன் பின்னால் இருக்க வேண்டும் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்.

பள்ளிக் கண்காட்சியில் எங்கள் மத்ஸ்யா ஒரு பழைய மானிட்டரில் வாலை ஆட்டிக் கொண்டிருந்தது. பக்கத்தில் பையன் ஓர் அட்டை வைத்திருந்தான். 6000 மீட்டர் ஆழத்தில் ஒரு நகத்தின் மேல் எத்தனை மொபெட் என்ற கணக்கு அதில் இருந்தது. தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருந்தான், எங்கள் ஊரில் இரண்டும் வேண்டும். கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: "இது இலவச சாப்ட்வேரில் செய்தது. கிராக் போடாதீர்கள்." யாரும் அவனை எழுதச் சொல்லவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பேக்கப் நாள். ஹார்ட்டிஸ்க்கைச் செருகுவது, காப்பி செய்வது, கழற்றி அலமாரியில் வைப்பது எல்லாமே அக்கா மகன் வேலை. மீன் பைலும் அதில்தான் இருக்கிறது. நாற்பது நொடி ஆடியோவும் அதில்தான் இருக்கிறது.

அடுத்தது ஆக்டோபஸ். ஒரு கை மட்டும் தயார். இன்னும் ஏழு பாக்கி. நீங்களும் உங்கள் மீனைச் செய்து பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள்!